யோகம்மாவின் வேலிப் பொட்டு

யோகம்மா தன் வாழ்நாளில் ஒருபோதும் களவெடுத்ததில்லை. இது அவளே சொன்னது. அரசாங்கத்தின் அபிப்பிராயம் வேறு.

திருகோணமலைக் கரையோரத்துச் சல்லி ஊருக்கு மேற்கே, கடற்கரை மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு காடு இருந்தது. பாலை, வீரை, உலுவிந்தை என்று நெருங்கி நின்ற காடு. அரசாங்கம் எந்தக் காலத்திலோ அதைச் சுற்றி எல்லைக் கல் நாட்டி, ஒதுக்குக் காடு என்று பெயர் வைத்து, ஒரு பலகையும் அடித்திருந்தது. அந்தப் பலகையின்படி அங்கே மரம் வெட்டக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, தேன் எடுக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது, மான் சுடக் கூடாது, தீ மூட்டக் கூடாது. மூச்சு விடுவதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பலகையில் இடம் போதாமல் போயிருக்கலாம் என்பது யோகம்மாவின் கருத்து. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ‘கூடாது’வையும் தனித்தனியே மீறிப் பார்த்து அவள் அந்தப் பலகையை மனப்பாடம் செய்திருந்தாள். மான் விஷயத்தில் மட்டும் முடியவில்லை. மான் ஓடிவிட்டது.

காலையில் கடற்கரையில் கருவாட்டைப் பரப்பிவிட்டுத் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைவாள். ஒரு கட்டு விறகு வீட்டு அடுப்புக்கு, ஒரு கட்டு உப்புவெளிப் பேக்கரிக்கு. ஆனி மாதம் வந்தால் பாலைப்பழம். பாலைப்பழம் தின்றவர்களின் உதடுகளை அதன் பால் பசைபோல ஒட்டவைத்துவிடும். அகப்பட்டவர் வாயைத் திறந்து ஒரு பொய் சொல்வதற்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே யோகம்மா உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் போவாள். கணவன் முருகேசு கடலுக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், படுப்பான். அடுப்பு எதனால் எரிகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

இவளுடைய தங்கை பூரணிக்கு நிலாவெளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் வல்லிபுரம். வேலை, வன இலாகாவில் காட்டுக் காவல். ஊரார் ‘வாச்சர்’ என்பார்கள். சல்லிக் காட்டுக்குத்தான் அவனைப் போட்டிருந்தார்கள். இதைக் கேட்ட யோகம்மா, சாதகத்தைத் திறக்கக்கூட விடாமல் பொருத்தம் பிரமாதம் என்று சொல்லிவிட்டாள். காவற்காரனே வீட்டு மாப்பிள்ளையாக வருகிறான் என்றால் காடே சீதனமாக வருகிறது என்று அவள் நினைத்தாள். கலியாணத்துக்குச் சமைத்த விறகு முழுவதும் அந்தக் காட்டு விறகுதான்.

கலியாணம் முடிந்த கிழமையே அந்தக் கனவு கலைந்தது. விறகுக் கட்டோடு ஒற்றையடிப் பாதையில் வந்த யோகம்மாவின் முன்னால் காக்கிக் கோட்டும், அதில் மினுக்கிய பித்தளை வில்லையுமாக வல்லிபுரம் வந்து நின்றான்.

“மச்சாள், உதைக் கீழை வையுங்கோ.”

“ஏன், நீங்கள் தூக்கப் போறியளோ?”

“இது அரசாங்கத்தின்ர விறகு.”

“காய்ஞ்சு விழுந்து கிடந்தது மச்சான். நான் ஒண்டும் வெட்டேல்லை.”

“விழுந்து கிடந்தாலும் அரசாங்கத்தின்ரதான்.”

“அப்ப அரசாங்கம் வந்து பொறுக்கட்டும். நான் மறிச்சனானோ?”

வல்லிபுரம் கட்டைப் பிடுங்கிக் காட்டுக்குள்ளேயே எறிந்துவிட்டான். நேர்மையானவன் என்று யாரும் பெண் வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இப்படி ஒரு குறையை மறைத்துக் கலியாணம் செய்துவைத்தார்களே என்று யோகம்மா தரகனைத் தெருவில் மறித்து ஏசினாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் எடுப்பாள், அவன் பிடிப்பான், இருவரும் நின்று வாதாடுவார்கள். சிலநாள் அவன் வெல்வான், பலநாள் அவள் வேறு பாதையால் வெல்வாள். வழக்குப் போட மட்டும் அவன் போகவில்லை. மனைவியின் தமக்கையைக் கோர்ட்டில் ஏற்றிவிட்டு வீட்டில் சோறு தின்ன முடியாது என்ற அளவுக்கு அவனுக்கும் உலகம் தெரிந்திருந்தது. தைப்பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் பூரணியோடு யோகம்மா வீட்டுக்கு வந்து வாழையிலை போட்டுச் சாப்பிடுவான். அப்போது யோகம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

“சோறு எந்த விறகிலை வெந்தது எண்டு கேக்கேல்லையே, மச்சான்?”

“நான் இப்ப வேலையிலை இல்லை” என்பான் வல்லிபுரம், தலையை நிமிர்த்தாமல்.

இப்படிச் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்த பகையைக் கெடுக்க யுத்தம் வந்தது.

முதலில் லொறிகள் வந்தன. பிறகு வெள்ளைச் சட்டையும் சிவந்த கழுத்துமாக வெள்ளைக்கார நேவிக்காரர் வந்தார்கள். பிறகு முட்கம்பி வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குரிய குண்டுகளை ஆகாயத்திலிருந்து தெரியாதபடி மரங்களுக்கு அடியில் அடுக்கி வைப்பதற்குச் சல்லிக் காடு தோதாக இருந்ததாம். எல்லைக் கல் நெடுகிலும் கம்பி இழுத்து, ஒரு கேற் போட்டு, கேற்றில் துவக்கோடு ஒரு சென்றிக்காரனைக் காவல் நிறுத்தி, புதிதாக ஒரு பலகையும் அடித்தார்கள். அது முழுக்க இங்கிலிஷில் இருந்தது. பழைய பலகையைப் பிடுங்கி, சேற்றில் புதைந்த லொறிச் சில்லுக்கு அடியில் கொடுத்துவிட்டார்கள்.

இதனால் அதிகம் நொந்தவன் வல்லிபுரம்தான். கேற்றுக்குப் போய்த் தன் வில்லையைக் காட்டினான். சென்றிக்காரன் அவனுக்கு முதுகைக் காட்டினான். பாஸ் இல்லாமல் ஒருவரும் உள்ளே வர ஏலாது, காட்டைக் காக்கிறவனும் வர ஏலாது. வல்லிபுரம் கம்பிக்கு வெளியே நின்று, உள்ளே தன் பாலை மரங்களில் நேவிக்காரர் ஈரச் சட்டைகளைக் காயப்போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆணி அடித்திருந்தார்கள். ஒதுக்குக் காட்டு மரத்தில் ஆணி அடிப்பது எத்தனையாம் பிரிவின்படி குற்றம் என்று அவனுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது?

யோகம்மாவுக்குக் கம்பி வேலி பெரிய விஷயமாகப் படவில்லை. மனிதன் கட்டிய வேலி என்றால் ஆள் நுழைய அதில் ஒரு பொட்டு, ஒரு ஓட்டை, இருக்கும், இல்லாவிட்டால் போட வேண்டும். வடக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடும் ஒரு நீரோடை, ஒரு பழைய வீரை மரத்தின் வேருக்குக் கீழாகப் போகிறது. அங்கே கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் கொஞ்சம் வெளி இருந்தது. அதைக் கையால் தோண்டி அகட்டி, தன் உடம்பும் ஒரு விறகுக் கட்டும் போகும் அளவுக்கு ஆக்கினாள். வெளியே வந்ததும் ஒரு முள்ளுக் கொப்பை இழுத்து மூடிவிடுவாள். ஊரில் வேறு எவருக்கும் அவள் அந்தப் பொட்டைக் காட்டவில்லை. வல்லிபுரத்துக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் அந்த முள்ளுக் கொப்பு அவள் வைத்ததைவிட ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

சித்திரை வருசத்துக்குக் கிட்டிய ஒரு காலையில் யோகம்மா கம்பிக்கு உள்ளே விறகு கட்டிக்கொண்டிருந்தபோது யப்பான்காரனின் பிளேன்கள் வந்தன. துறைமுகப் பக்கம் நிலமே குமுறியது. அவள் கட்டை விட்டுவிட்டு ஓட, யாரோ அவளுடைய கையைப் பிடித்து இழுத்து ஒரு பதுங்கு குழிக்குள் விழுத்தினார்கள். மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முத்துமாரி அம்மனுக்கு ஒரு ஆடு என்று தொடங்கி, அடுத்த குண்டுக்கு அதை இரண்டாக்கி, அதற்கும் அடுத்ததில் பொங்கலும் சேர்த்தாள். சத்தம் அடங்கிய பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தால் பக்கத்தில் ஒரு நேவிக்காரப் பொடியன், முகமெல்லாம் மண். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்கு அப்போதுதான் தன் கடமை நினைவு வந்தது.

“பாஸ்?” என்றான்.

யோகம்மா ஆகாயத்தைக் காட்டினாள்.

“அவனிட்டைக் கேட்டனியோ?”

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. விரல் காட்டிய திசை விளங்கியிருக்க வேண்டும். கேற் வரைக்கும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். விட்டுவிட்டு ஓடிய விறகுக் கட்டையும் வழியில் எடுத்து அவள் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மனுக்கு நேர்ந்த ஆடுகள் பற்றிய பேச்சு பிற்பாடு வளரவில்லை. சத்தத்தில் அம்மனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று யோகம்மா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே திருகோணமலை காலியானது. பெட்டியும் பாயுமாகச் சனம் கண்டி றோட்டால் நடந்தது. சல்லியின் ஊர்த்தலைவரான விதானையார் தம்பலகாமத்தில் உள்ள மைத்துனன் வீட்டுக்குப் போனார். போகும்போது, ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே சொல்லிவிட்டுப் போனார். வன இலாகாவின் றேஞ்சர் ஐயாவுக்கும் திடீரென்று உள்நாட்டில் அவசர அலுவல் வந்துவிட்டது. யோகம்மா அசையவில்லை. கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. முருகேசுவும் அசையவில்லை. போவது என்றால் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும், அவனுக்கு அது பஞ்சி, சோம்பல்.

றேஞ்சர் போவதற்கு முன் வல்லிபுரத்தைக் கூப்பிட்டு ஒரு கட்டளை கொடுத்திருந்தார். நேவிக்காரர் காட்டை எடுத்ததைப் பற்றி மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலிருந்து தனக்கு ஒன்றும் வரவில்லை, ஆகவே காடு இன்னும் வன இலாகாவின் காடுதான், வருசாவருசம் செய்வதுபோல எல்லைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் வேலை போய்விடும்.

வல்லிபுரம் யோசித்துப் பார்த்தான். கற்கள் எல்லாம் கம்பிக்கு உள்ளே அகப்பட்டிருந்தன. கேற்றால் விடமாட்டார்கள். வேலையும் வேண்டும். ஒருநாள் காலையில் சுண்ணாம்பு வாளியும் தும்புத் தூரிகையுமாக வடக்குப் பக்கம் போய், முள்ளுக் கொப்பை நீக்கி, வாழ்க்கையில் முதன்முறையாக அரசாங்கக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தான். வேருக்குக் கீழால் தவழும்போது சுண்ணாம்பு சிந்தும் என்று பயந்து கோட்டையும் வில்லையையும் வீட்டிலேயே விட்டிருந்தான்.

குண்டுக் கிடங்கைச் சுற்றி, சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிய ஒருவன், ஆகாயத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்படி வெள்ளை அடையாளம் போட்டுக்கொண்டு போகிறான். குண்டுவீச்சு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நேவிக்காரர் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் மேலே விழுந்து பிடித்தார்கள். வாளியைத் தனியாகக் காவல் போட்டு வைத்தார்களாம்.

செய்தி வந்ததும் பூரணி தமக்கை வீட்டுக்கு ஓடிவந்து முற்றத்தில் இருந்து குழறி அழுதாள்.

“யப்பான்காரனுக்கு ஆள் எண்டு சொல்லுகினம் அக்கா. சுடப்போகினமாம்.”

“ஆர், வல்லிபுரமோ? யப்பான்காரன் விறகெடுக்க வந்தால் அவனையும் மறிப்பார், அவர் எப்பிடி அவன்ர ஆள்?”

“இதை அவைக்கு ஆர் சொல்லுறது?”

பூரணி முதலில் தானே முயன்று பார்த்தாள். புருஷனின் வில்லையைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டு கேற்றுக்குப் போய்ச் சென்றிக்காரனிடம் நீட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல சாமான் என்று பொக்கற்றில் போட்டுக்கொண்டு, பதிலுக்கு ஒரு தகர ரின் சிகரெட் கொடுத்தான். வல்லிபுரம் வாச்சர் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியும் இப்படியாகச் சிகரெட்டாக மாறியது. முருகேசு தம்பலகாமத்துக்கு நடந்துபோய் விதானையாரைக் கேட்டான். அவர், அந்தப் பெயரில் ஒருவரையும் தனக்கு ஞாபகம் இல்லை என்றும், தன்னைக் கண்டதாகவும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். றேஞ்சர் எந்தத் திசையில் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

யோகம்மா சிகரெட் ரின்னைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த மனிசன் எத்தனை வருசமாகத் தன்னைத் துரத்தினவன். அவன் கத்தும்போது கழுத்து நரம்பு எந்தப் பக்கம் புடைக்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அவன் காவற்காரன்தான் என்று சத்தியம் பண்ணச் சொன்னால், இந்த ஊரில் தன்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

மறுநாள் விடிந்ததும் கேற்றுக்குப் போனாள். “துரையைக் காண வேணும்” என்றாள். “பாஸ்” என்றான் சென்றிக்காரன். கையால் காட்டினாள், கத்தினாள், மணலில் இருந்தாள். துவக்கின் அடிப்பக்கத்தால் மெல்லத் தள்ளி எழுப்பிவிட்டான். பாஸ் உள்ளவர்தான் துரையைக் காணலாம், துரையைக் கண்டால்தான் பாஸ் எடுக்கலாம். கொஞ்ச நேரம் இதை யோசித்துவிட்டு, யோகம்மா வடக்குப் பக்கமாக நடந்தாள். பாஸ் இல்லாமல் துரையிடம் போவதற்கு வல்லிபுரம் போன வழி ஒன்றுதான் இருந்தது.

பொட்டால் நுழைந்து, நிதானமாக ஒரு கட்டு விறகு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, குண்டுக் கிடங்குப் பாதையின் நட்டநடுவால் நடந்தாள். ஒருவரும் பிடிக்கவில்லை. இரண்டு நேவிக்காரர் சைக்கிளில் போனார்கள், ஒருவன் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டும் போனான். ஒளித்துப் போனபோதெல்லாம் நெஞ்சு இடித்த இடத்தில் பகிரங்கமாகப் போனால் சிரிக்கிறார்கள். கடைசியில் அவளே ஒரு கூடாரத்து வாசலில் விறகைத் தொப்பென்று போட்டு, “அரசாங்கத்தின்ர விறகு எடுத்துப்போட்டன், பிடியுங்கோ” என்று சத்தம் வைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் பிடித்தார்கள்.

துரை ஒரு தகரக் கொட்டிலில், முன்னால் மேசையும் பின்னால் மின்விசிறியுமாக இருந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, உரித்த உருளைக்கிழங்குபோல இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கக் கலீலுர் றஹ்மான் என்பவர் நின்றார். குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்தவர், யுத்தம் வந்ததும் இந்த உத்தியோகத்துக்கு வந்தவர்.

“அக்கா, நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க எண்டு துரை கேக்கிறாரு.”

“நான் கள்ளி” என்றாள் யோகம்மா. “அதைச் சொல்லுங்கோ முதல்.”

கலீலுர் றஹ்மான் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தக் காட்டிலை நான் எடுக்காத சாமான் இல்லை. விறகு, தேன், பாலைப்பழம், கூரைக்குக் கம்பு. ஒவ்வொரு தரமும் வந்து பிடிச்சது நீங்கள் அடைச்சு வைச்சிருக்கிற அந்த மனிசன். அவர் வாச்சர். அவர் வாச்சர் இல்லையெண்டால் நான் இவ்வளவு காலமும் ஆருக்குப் பயந்து ஓடினனான்?”

துரை இதைக் கேட்டு நெற்றியைத் தடவினார். தங்களை நல்லவர்கள் என்று சொல்ல வந்தவர்களை அவர் கண்டிருக்கிறார், மற்றவனை நல்லவன் என்று சொல்லத் தன்னைக் கள்ளி என்கிற ஒருத்தியை இப்போதுதான் காண்கிறார். அந்த ஆளைக் கொண்டுவரச் சொன்னார்.

வல்லிபுரம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது, கையில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. துரையைப் பார்த்தான், துவக்குகளைப் பார்த்தான், மச்சாளைப் பார்த்தான். பிறகு அவனுடைய கண் கொட்டில் மூலையில் கிடந்த விறகுக் கட்டில் போய் நின்றது. கழுத்தின் இடப்பக்கத்து நரம்பு மெல்லப் புடைத்தது.

“மச்சாள், உது எங்கை எடுத்தது?”

“வேறை எங்கை எடுக்கிறது?”

அவன் இரண்டு காவற்காரருக்கு நடுவில் குந்தியிருந்து கட்டை அவிழ்த்தான். தடி தடியாகப் பிரித்து ஒருபக்கம் வைத்தான். அடியில் கிடந்த ஒரு வீரைக் கொப்பை உருவி, நகத்தால் பட்டையைச் சுரண்டி, துரையின் மேசைப் பக்கமாக உயர்த்திப் பிடித்தான்.

“இது பச்சை. பச்சை எடுத்தால் அது தனி வழக்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“கத்தி படேல்லை மச்சான். கையாலை முறிச்சது.”

“முறிச்சாலென்ன, வெட்டினாலென்ன? மரத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

“உங்கட மரத்திலை நேவிக்காரர் ஆணி அடிச்சுச் சட்டை காயப்போடுகினம், அதைக் கேக்க ஏலாது. எனக்கு மட்டும் வாய்.”

“அதையும் கேப்பன். ஆணி அடிக்கிறது பெரிய குற்றம். நீங்கள் கதையை மாத்தாதேங்கோ.”

இருவரும் இருக்கிற இடத்தை மறந்துபோனார்கள். கலீலுர் றஹ்மான் முதல் நாலைந்து வசனங்களை மொழிபெயர்த்துவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். துரை என்னவென்று கேட்டார். “விறகைப் பற்றித்தான் சேர், இன்னும் விறகைப் பற்றித்தான்” என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். துரையின் உரிந்த மூக்கு துடித்து, தோள் குலுங்கி, கடைசியில் சத்தமாகவே சிரித்துவிட்டார். யப்பான்காரன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் இப்படி ஒருவனைப் பழக்கி அனுப்ப முடியாது என்று அவருக்குப் பட்டிருக்கும்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. கலீலுர் றஹ்மான் யோகம்மாவிடம் குனிந்து சொன்னார்.

“ஒரு கரைச்சல் இரிக்கி அக்கா. எந்த வழியால உள்ள வந்த எண்டு இவர்கிட்ட எத்தினையோ தரம் கேட்டாச்சு. ‘நான் வாச்சர், எனக்கு வழி தேவையில்ல’ எண்டதத் தவிர வாய் தொறக்கல்ல. அதனாலதான் சந்தேகம் கூடிச்சு. வழியச் சொல்லியிருந்தா அண்டைக்கே உட்டிருப்பாங்க.”

யோகம்மா வல்லிபுரத்தைப் பார்த்தாள். அவன் வீரைக் கொப்பின் பட்டையைச் சுரண்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான்.

விறகை ஒருநாளும் விட்டுத் தராத இந்தக் கஞ்சன், சுடப்போகிறார்கள் என்று தெரிந்தும் அவளுடைய பொட்டை மட்டும் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அவனிடம் கேட்டால் சொல்லமாட்டான். கேட்கிற ஆளும் அவள் இல்லை. “விசரன்” என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டினாள்.

“வாங்கோ, காட்டுறன்.”

“மச்சாள்” என்றான் வல்லிபுரம்.

“நீங்கள் சும்மா இருங்கோ.”

துரை, கலீலுர் றஹ்மான், துவக்குக்காரர், கம்பிச் சுருள் தூக்கியவர்கள் எல்லாரும் வடக்குப் பக்கம் ஊர்வலமாக நடந்தார்கள். வீரை மரத்தடியில் யோகம்மா முள்ளுக் கொப்பைக் காலால் தள்ளிக் காட்டினாள். துரை குந்தியிருந்து எட்டிப் பார்த்தார். அவர்கள் நீரோடைக்குக் குறுக்கே கட்டைகள் அடித்துக் கம்பியைச் சுருள் சுருளாக இறக்கினார்கள். யோகம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அந்த மூலை தளர்வு” என்றாள் திடீரென்று. “ஒரு மழைக்கு மண் கரைஞ்சால் பிறகும் பொட்டு வந்திடும். கல்லுப் போட்டு இறுக்கச் சொல்லுங்கோ.”

“ஏன் அக்கா நீங்களே சொல்றீங்க?” என்றார் கலீலுர் றஹ்மான்.

“எனக்கில்லாத பொட்டு ஊரிலை வேறை ஒருத்திக்கும் வேண்டாம்.”

வல்லிபுரத்தை விட்டார்கள். வாளியைக் கொடுத்தார்கள், சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார்கள். துரை மனமிரங்கி ஆளுக்கு ஒரு ரின் இறைச்சியும் கொடுத்தார். ரின்னின் மேல் ஒரு மாட்டுத் தலை கீறியிருந்தது. யோகம்மா அதைக் கையில் தொடாமல் சேலைத் தலைப்பால் பிடித்துக் கலீலுர் றஹ்மானிடம் நீட்டினாள். அவர் அறுத்தது யார் என்று தெரியாமல் தனக்கும் ஏலாது என்றார். திரும்பிப் போகும் வழியில் சல்லி நாய்கள் இரண்டு அன்று வெள்ளைக்கார மன்னரின் உபசாரத்தை அனுபவித்தன.

ஆடியில் றேஞ்சர் திரும்பி வந்தார். அதற்குள் கதை எல்லா இடமும் போய்விட்டது. ஒரு பெண் அரசாங்க உத்தியோகத்தர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள், வழக்குப் போடு என்று வல்லிபுரத்தை உறுக்கினார்.

“என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய் ஐயா அது” என்றான் வல்லிபுரம். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய் இதுவாக இருக்கலாம். காது சிவந்துபோயிற்று.

“அவள் சொன்னது முழுக்கப் பொய்யோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப நீர் வாச்சர் எண்டதும் பொய்யோ?”

றேஞ்சர் அதற்கு மேல் கிண்டவில்லை. கிண்டினால், குண்டு விழுந்த பிறகு ஐயா எங்கே நின்றீர்கள் என்ற கேள்விக்கும் யாராவது போகக்கூடும்.

காடு போனது போனதுதான். யோகம்மா பேக்கரிக்கு விறகு கொடுப்பதை விட்டுக் கருவாட்டைப் பெருக்கினாள். முருகேசுவும் பக்கத்து வள்ளக்காரரும் கொண்டுவந்த நெத்தலியையும் சூடையையும் கரையெல்லாம் பரப்பினாள். அதற்கும் நேவிக்காரர் வந்தார்கள். மத்தியானத்தில் கூட்டமாகக் குளிக்க வந்து, காய்கிற நெத்தலியின் மேல் பந்து அடித்து விளையாடினார்கள். கத்திப் பார்த்தாள். கையை ஆட்டிச் சிரித்தார்கள். வல்லிபுரம் வந்து, கடற்கரை அரசாங்க நிலம், இதில் கருவாடு போட அவளுக்கும் உரிமை இல்லை, பந்தடிக்க அவர்களுக்கும் உரிமை இல்லை என்று விளக்கினான். அதனால் ஒரு நெத்தலியும் பிழைக்கவில்லை.

ஒருநாள் கருவாடு வாங்க வந்த கலீலுர் றஹ்மானிடம் யோகம்மா கேட்டாள்.

“தம்பி, கேற்றிலை அடிச்சிருக்கிற பலகையிலை என்ன எழுதியிருக்கு?”

“உத்தரவில்லாம உள்ள வரக் கூடாது, மீறினா தண்டனை கிடைக்கும் எண்டு.”

“அதை அப்பிடியே எனக்கும் ஒருக்கா எழுதித் தாறியளோ?”

அவர் அவளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது ஒரு பெட்டிப் பலகையில் கறுப்புத் தாரால் எழுதிக் கொண்டுவந்தார். எழுத்து கேற்றில் இருந்ததைவிட வடிவாக இருந்தது. யோகம்மா நாலு தடி நட்டு, பழைய வலைக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, முன்னால் பலகையை நிறுத்தினாள்.

நேவிக்காரர் மத்தியானம் வந்தார்கள். பலகையைக் கண்டார்கள். பந்து கயிற்றைத் தாண்டி உள்ளே போய் நெத்தலிக்கு நடுவில் விழுந்தது. ஒருவன் கயிற்றில் கையை வைத்தான், பலகையை இன்னொருமுறை வாசித்தான், கையை எடுத்துவிட்டான். தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். யார் போட்டது, எந்தத் துரையின் கட்டளை என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்தை விட்டுவிட்டு வடக்கே அரை மைல் தள்ளிப் போய்க் குளித்தார்கள். யோகம்மா அந்தப் பந்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

வல்லிபுரம் கயிற்றுக்கு வெளியே வந்து நின்று பலகையைப் பார்த்தான்.

“அரசாங்க நிலத்திலை உத்தரவில்லாமல் பலகை நாட்டுறதும் குற்றம், மச்சாள்.”

“வழக்குப் போடுங்கோ.”

அவன் சாய்ந்திருந்த ஒரு தடியை நிமிர்த்தி அடியில் மண்ணை மிதித்துவிட்டுப் போனான்.

யுத்தம் முடிந்தது. சனமெல்லாம் திரும்பி வந்தது. காடு மட்டும் திரும்பி வரவில்லை. நேவிக்காரர் அதை வைத்துக்கொண்டார்கள். வல்லிபுரத்தை இலாகா வெருகல் பக்கத்துக் காடு ஒன்றுக்கு மாற்றியது. பூரணியும் பிள்ளையுமாக மாட்டுவண்டியில் ஏறும்போது, யோகம்மா ஒரு சாக்கு நிறையக் கருவாடு வைத்துவிட்டாள். அங்கே விறகெடுக்க வருகிற பெண்கள் எப்படி என்று பிறகு ஒருமுறை கேட்டு அனுப்பினாள். எல்லாரும் மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், வாதாட ஒருத்தியும் இல்லை என்று பதில் வந்தது. பாவம் மனிசன் என்றாள் யோகம்மா.

துரை கப்பலேறுவதற்கு முன் ஒரு காலையில் தனியாகக் கடற்கரைக்கு வந்தார். தோளில் துவாய். கயிற்றுக்கு முன்னால் வந்து நின்று பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். அவருக்குத் தெரியாதா, தான் போடாத பலகை என்று? இருந்தாலும் கயிற்றைத் தாண்டவில்லை. கூட வந்த கலீலுர் றஹ்மானிடம் ஏதோ சொன்னார்.

“அக்கா, இதால இறங்கிக் குளிக்கலாமா எண்டு துரை கேக்கிறாரு.”

யோகம்மா சூடையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“இது காயட்டும். பின்னேரம் வரச் சொல்லுங்கோ.”

துரை தலையை அசைத்து, துவாயை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். பின்னேரம் வந்தார். அப்போது யோகம்மா கருவாட்டை அள்ளிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு பக்கத்தை அவிழ்த்து, அவர் போகும் அளவுக்கு விலக்கிப் பிடித்தாள்.